பை இல்லாத சட்டைகள்

என் தம்பி லிப்ட் மெக்கானிக். இந்த இருபத்திரண்டு வருடத்தில், அவன் பழுது பார்த்த லிப்ட் எதுவும் ஆளை ஏற்றிக்கொண்டு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன், ஆனாலும் உண்மை.

அவனுடைய வேலைச் சட்டைகளை நான்தான் தைக்கிறேன். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பை. மேலே இடப்பக்கப் பைக்கு மட்டும் மூடியும் பொத்தானும் உண்டு. அது பியூஸ் வைக்கும் பை. லிப்ட் கூண்டின் தலைமேல் ஏறி வேலை செய்வதற்கு முன் மோட்டாரின் பியூஸைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தெரியாமல் யாராவது சுவிட்சைப் போட்டாலும் கூண்டு அசையாது. "என் உயிர் இந்தப் பாக்கெட்டுலதான்கா இருக்கு" என்பான். அதனால் அதற்கு மட்டும் இரட்டைத் தையல் போடுவேன்.

ஆறு வருடத்துக்கு முன் அவன் மனைவி பிரிந்து போனாள். யார் மேல் தப்பு என்று நான் எழுதப் போவதில்லை. அதன்பின் இரண்டு வருடம் அவன் சரியாகத் தூங்கவில்லை. பிறகு, வீடு காலி செய்த யாரோ லிப்டுக்குள் விட்டுப்போன ஒரு புத்தகம் அவன் கைக்கு வந்தது. அட்டை இல்லை. தத்துவமாம். நான் எட்டாவது வரை படித்தவள், பதினேழாம் பக்கத்தோடு மூடிவிட்டேன். உலகத்துக்கு நோக்கம் என்று எதுவும் கிடையாது, வேண்டும் என்பதை விட்டவனுக்குத்தான் நிம்மதி என்று போகிறது. அவன் மூன்று தடவை படித்தான். அப்புறம் புத்தகத்தையும் யாருக்கோ கொடுத்துவிட்டான்.

தொடர்ந்து டிவி போயிற்று. கட்டில், சோபா, கைக்கடிகாரம் எல்லாம் போயின. நான் வாங்கிக் கொடுத்த நாற்காலியில் கீழ்வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். பாய் ஒன்று, தட்டு ஒன்று, டம்ளர் இரண்டு.

"ரெண்டாவது டம்ளர் எதுக்குடா, சாமியாரே?"

"நீ வந்தா தண்ணி குடிக்க வேணாமா?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரை விட நினைப்பவர்கள்தான் இப்படி எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், போட்டிருந்தது போக மீதி ஐந்து சட்டைகளையும் கொண்டுவந்து என் மெஷின் மேல் வைத்தான்.

"பாக்கெட்டை எல்லாம் பிரிச்சுடுக்கா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பாக்கெட் இருந்தா அதுல போட எதையாவது கை தேடிக்கிட்டே இருக்கு."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான்.

முதல் சட்டையில் கீழ்ப் பைகளைப் பிரித்தேன். மூடி போட்ட பையின் இரட்டைத் தையலில் கத்தரி முனையை நுழைத்தபோதுதான் உறைத்தது. இதுவும் வேண்டாம் என்றால் பியூஸை எங்கே வைப்பான்? வைக்கவே போவதில்லையா?

சட்டையும் கையுமாக ஓடினேன். அன்று வேலை என்று அவன் சொல்லியிருந்த கட்டடத்தில் லிப்ட் ஓடவில்லை, படியேறினேன். ஐந்தாவது மாடியில் திறந்திருந்த லிப்ட் கதவுக்குள், கூண்டின் தலைமேல் குந்தியிருந்தான்.

"வெளிய வாடா!"

"அக்கா? நீ எங்க இங்க? இரு, கையெல்லாம் கிரீஸ்..."

"வாடாங்கிறேன்!"

வந்தான்.

"பியூஸ் எங்க?"

கழுத்துப் பட்டைக்குள் கைவிட்டு ஒரு கயிற்றை இழுத்தான். நுனியில் பியூஸ். "பொத்தான் அறுந்துபோய் ஒருநாள் பியூஸ் லிப்ட் குழிக்குள்ள விழுந்துடுச்சு. இதுதான் பத்திரம்."

நான் தைத்த பொத்தானா அறுந்தது என்று அந்த நேரத்திலும் கோபம் வந்தது. பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சாகப் போறியாடா?" கேட்டே விட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்த ரெண்டு வருஷம் நெனச்சேன்கா. உன்கிட்ட சொல்லல. அவ ஏன் போனா, இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அர்த்தமே கிடையாதுன்னு அந்த ஆளு எழுதியிருந்தான். அன்னிக்குத் தூங்கினேன் பாரு, மறுநாள் வேலைக்கே லேட்டு. இப்ப எதுவும் வேணும்னு தோணல. சாவும் வேணும்னு தோணல."

"அப்ப நானும் அர்த்தமில்லாதவதானா?"

"நீயுந்தான். ஒரு அர்த்தமும் இல்லாம அஞ்சு மாடி ஏறி வந்திருக்க. படியை எண்ணாமயா வந்திருப்ப? எத்தனை?"

"தொண்ணூத்தாறு" என்றேன், அழுதுகொண்டே. அவன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

"திரும்ப அப்படித் தோணுச்சுன்னா?"

"முதல்ல உன்கிட்ட சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியத்துல எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லக்கா. சொல்றேன்னா சொல்றேன்."

எங்கள் சொந்தக்காரர்கள் அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள். சொல்லட்டும். சத்தியம் செய்துவிட்டு மாறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவன் சொன்னால் சொன்னதுதான், சின்ன வயதிலிருந்தே அப்படி.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"கால் மணி நேரம் இரு. லிப்டுலயே இறங்கிடலாம்" என்றான்.

முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. இருந்தேன்.