நிப்பாட்டக் கூடாத மாத்திரை

ராஜபாளையத்திலிருந்து வரும் பேருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்துக்குள் திரும்பும்போதே எழுந்து நிற்கிற ஆள் நான். வண்டி நிற்பதற்குள் படிக்கட்டுக்கு வந்துவிட வேண்டும், இறங்கின கையோடு கோர்ட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும். அன்றும் அப்படித்தான் எழுந்தேன். எழுந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. ஓடுகிறவன் கல் தட்டித் தடுமாறினால், விழாமல் இருப்பதற்காக இன்னும் வேகமாக நாலு எட்டு ஓடுவானே, அந்த மாதிரி. கண்ணுக்கு முன்னால் கறுப்பாகப் பூச்சி பறந்தது. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் நின்ற அம்மாள், "எறங்குதியளா, இல்ல மதுரைக்குப் போறியளா?" என்றாள். இறங்கினேன். ஒரு பால்கோவா கடை ஓரமாக நின்று கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். எண்ண முடியாத வேகம்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என் ஞாபகம் வரவில்லை. அப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். என்னைப் போலவே பருத்த உடம்பு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஒரு கோடையில் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டார். சில மாதங்களில், காலை ஷிப்டுக்குப் போன இடத்தில், சைக்கிளை நிறுத்திவிட்டு மில் வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப் பையிலோ சாப்பாட்டுப் பையிலோ மாத்திரை இல்லாததை வைத்துத்தான் அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது.

சட்டக் கல்லூரிக்குப் போன பிறகு எனக்கும் அழுத்தம் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து அம்மா மாத்திரையை என் பொறுப்பில் விடவே இல்லை. பேண்டேஜ் துணி கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும், தண்ணீரும் மாத்திரையுமாக என் முன்னால் வந்து நிற்பாள். வாய்க்குள்ளேயே ஒரு வரி ஜெபம் சொல்வாள். நான் விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் செருப்பை மாட்டுவாள்.

சில வாரங்களுக்கு முன்னால் எடை குறைக்கச் செய்துகொண்ட ஆபரேஷன் முழுக்க முழுக்க என் யோசனை. வயிற்றின் பெரும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் மாதிரி தைத்துவிடுவார்கள். படிக்கக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன், மதுரை டாக்டரிடம் கேள்விகளை அடுக்கினேன். இத்தனை தெரிந்தவர் நீங்களே கத்தியைப் பிடிக்கலாமே என்று அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நல்லா இருக்கிற வயிற்றை எதற்கு அறுக்க வேண்டும் என்பது அவள் கட்சி. நான் எடுத்து வைத்த வாதம் ஒன்றே ஒன்றுதான்: இந்த எடையைச் சுமந்து சுமந்துதான் அப்பாவின் இருதயம் போனது, என்னுடையதாவது பிழைக்கட்டும். அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை.

அதனால்தான் பால்கோவா கடை ஓரத்தில் எனக்கு அப்படி ஒரு பயம். இருதயத்தைக் காப்பாற்றவென்று செய்த காரியம் இருதயத்தையே கெடுத்துவிட்டதென்றால், அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஆகவே சொல்லவில்லை. அது ஒரு தடவை வந்து போகிற சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கட்டிலிலிருந்து எழும்போது வந்தது. பொறவு மாடிப்படி ஏறும்போது. பொறவு சும்மா குனிந்து செருப்பு வாரைப் போடும்போது. ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துத் தேடுவேன். ஒரு பக்கம் இது சாதாரணம் என்று இருக்கும், அடுத்த பக்கம் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லும். நான் முதல் பக்கத்தைத் திரும்பவும் திறந்து படிப்பேன். மதுரை டாக்டர் ஒரு மாதத்தில் வரச் சொல்லியிருந்தார், எடை இறங்க இறங்கப் பழைய மாத்திரைகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று. அதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். காரணம், என் சீனியர் அந்தச் சமயத்தில்தான் ஒரு மனுவை என் கையில் கொடுத்தார்.

சீனியர் ஐம்பது வயதைத் தாண்டிய வக்கீலம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவருடைய நாக்குக்குப் பயப்படாத ஆள் குறைவு. ஆபரேஷன் முடிந்து நான் திரும்பிய அன்று, தொளதொளத்துத் தொங்கிய என் கறுப்புக் கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நீ இருக்கியா, இல்ல கோட்டை மட்டும் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டியா?" என்றார். அவர் கொடுத்த வழக்கு பார்வைக்குச் சின்னது. வன்னியம்பட்டியில் ஒருவருடைய கரும்புக் காட்டுக்குப் போகிற வழியை அடுத்த காட்டுக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். வெட்டுப் பருவம் நெருங்கிவிட்டது, லாரி உள்ளே போக வேண்டும். வேலியை எடுக்க இடைக்கால உத்தரவு கேட்டு வாதம் செய்ய வேண்டியது நான். நான் மட்டும். அதுவரை வாய்தா கேட்பதற்குத் தவிர நீதிபதி முன் வாய் திறந்ததில்லை.

நாள் முழுக்க மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஆபரேஷன் ஆனவர்களுக்கான முதல் பாடம். மொத்தமாகக் குடிக்க முடியாது, அந்தச் சின்ன வயிறு கொள்ளாது. ஆனால் கழிப்பறைக்குப் பயந்து, வெளியே போகிற அன்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிப் போன ஒன்று. என் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் இருந்தோம், யாரும் யாருக்கும் சொல்லித் தராமலே. பாட்டில் பையில் இருக்கும், மூடி திறக்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வாழைப்பழ அளவு வயிற்றில் என்னத்தை ஈடுகட்டுவது?

வாதத்தன்று காலையில் அம்மா வழக்கம்போல மாத்திரை கொடுத்தாள். "வெளுத்துப் போயி இருக்கியே" என்றாள். பவுடர் கூடிவிட்டது என்றேன்.

வழக்கை அழைத்ததும் எழுந்தேன். எழுந்த கணமே நெஞ்சு புரண்டது. இந்தத் தடவை இரண்டு மூச்சில் அடங்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். இருதயம் ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடியது. வரைபடம், பழைய பத்திரம், வண்டித்தடம், எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. நீதிபதி கையை லேசாக உயர்த்தி, "மெதுவா சொல்லுங்கம்மா. பாதை எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். நான் மெதுவாகப் பேச முயன்றேன். அப்போதுதான் தெரிந்தது, என் குரல் எங்கோ தள்ளியிருந்து எனக்கே கேட்கிறது. காகிதத்தில் எழுத்துகள் ஓரத்திலிருந்து அழிந்துகொண்டே வந்தன.

விழுந்தால் அப்பாவைப் போல எழுந்திருக்கமாட்டேன் என்று தோன்றியது. "அய்யா, நான் உக்காந்துக்கிடுதேன்" என்றேன். அனுமதி கேட்கிற முறையும் இல்லை, பாஷையும் கோர்ட் பாஷை இல்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, உட்கார்ந்துவிட்டேன்.

சீனியர் அதற்குள் எழுந்து என் வாதத்தை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். இடது கையால் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். பயத்தில் நான் ஒரே மடக்காக, பழைய வயிறு இருப்பது போலக் குடித்தேன். நடு நெஞ்சில் கட்டை வைத்து அழுத்தினது மாதிரி ஒரு வலி பிடித்தது. படபடப்பு, வேர்வை, இப்போது நெஞ்சு வலி. படித்த பக்கங்களில் இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன என்று எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம்.

வாதத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோவில் சீனியர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். ஜோக் ஒன்றும் அடிக்கவில்லை. அதுவே என்னை இன்னும் பயமுறுத்தியது. அம்மாவுக்கு அவர்தான் போன் செய்தார். வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பேசி முடித்தார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சிலும் கை கால்களிலும் குளிர்ந்த பிடிகளை மாட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். படுக்க வைத்து அழுத்தம் பார்த்தார். உட்கார வைத்துப் பார்த்தார். நிற்க வைத்துப் பார்க்கும்போது என்னால் நிற்க முடியவில்லை. ரத்தம் எடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நெஞ்சு வலி தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது, படபடப்பு இறங்கவில்லை.

அம்மா வேலை உடுப்போடு வந்தாள், சேலையில் பஞ்சுத் தூசி. கட்டில் ஓரத்தில் நின்று என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள், அழவில்லை. டாக்டர் என்னென்ன மாத்திரை என்று கேட்டார். நான் சத்து மாத்திரைகளைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா மணிபர்ஸைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"ஒரு நாள் தவறல டாக்டர். நானே என் கையால குடுக்கேன்."

அவர் அட்டையைத் திருப்பிப் படித்தார். மதுரை டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டு விளக்கினார். இருதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை, துடிப்பு வேகமாக இருந்தாலும் தாளம் தவறவில்லை. இந்த மாத்திரை பழைய எடைக்குக் கொடுத்தது. இப்போது எடை இறங்கி, அழுத்தம் தானாகவே இறங்கிவிட்டது. மாத்திரை அதை இன்னும் கீழே தள்ளுகிறது. போதாததற்கு இதில் உடம்பிலிருந்து நீரைப் பிரித்து வெளியே தள்ளுகிற மருந்தும் கலந்திருக்கிறது, இந்தப் பெண்ணோ தண்ணீரே குடிக்கவில்லை. எழுந்து நின்றால் ரத்தம் தலைக்கு ஏறாது. இருதயம் அதை ஏற்றத்தான் இப்படி ஓடுகிறது. இன்றோடு மாத்திரையை நிறுத்திவிடலாம்.

அம்மா அட்டையை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். அவசரமில்லாமல் வாங்கினாள், ஆனால் வாங்கிவிட்டாள்.

"இவ அப்பாவும் நிப்பாட்டினாவ. அவிய பொறவு எந்திரிக்கல."

அவராக நிறுத்தினார், இப்போது நிறுத்துவது ஒரு டாக்டர், தினமும் அழுத்தம் பார்த்துக்கொண்டே இருப்போம், ஏறினால் வேறு தருவோம் என்றார் டாக்டர். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"நிப்பாட்டுதது நீங்க டாக்டர். ஏதும் ஆச்சுன்னா எந்திரிக்காமப் போறது எம்புள்ளல்லா."

டாக்டர் என்னைப் பார்த்தார். சீனியரும் என்னைப் பார்த்தார். கரும்புக் காட்டு வழிக்கு அத்தனை பத்திரம் வைத்திருந்தேன், இதற்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கும் எனக்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்லலாம். ஆனால் அது உண்மையா? அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் அப்படியே அவர் பெண்ணாகத்தான் இருந்தேன்.

"எம்மா, இது இன்னைக்கி வந்ததில்ல" என்றேன். "ரொம்ப நாளா நெஞ்சு அடிக்கி. பஸ்ல, மாடிப்படியில, காலம்பற எந்திரிக்கையில. ஒங்கிட்ட மறைச்சுட்டேன்."

அம்மா என் கால் விரலை விட்டுவிட்டாள்.

"அம்புட்டு நாளும் நான் குடுத்த மாத்திரைய முழுங்கிட்டுத்தான் இருந்தியா?"

"ஆமா."

"நெஞ்சு அடிக்கின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் குடுத்திருப்பனாட்டி?"

இனிமேல் எது நடந்தாலும் அந்த நிமிஷமே சொல்லிவிடுவேன், அப்பா மாதிரி இருக்கமாட்டேன் என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அழுத்தம் பார்க்கிற மெஷின் எங்கே கிடைக்கும் என்று டாக்டரிடம் கேட்டாள். அட்டையை மணிபர்ஸில் போட்டு மூடினாள். கொடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

வேலியை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதைச் சீனியர் அன்று சாயங்காலம், நான் வீடு திரும்பிய பிறகு, போனில் சொன்னார். உட்கார்ந்துகொண்டு ஜெயித்த ஒரே ஜூனியர் நீதான் என்றார். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. நாளைக் காலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்கிற பயம் அம்மாவுக்கு மட்டும் இல்லை. டாக்டர் சொன்னது புத்திக்குப் புரிந்தது, நெஞ்சுக்குப் புரிய நாள் வேண்டியிருந்தது.

காலையில் அம்மா தண்ணீரோடு வந்தாள். இன்னொரு கையில் எதுவும் இல்லை. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாதவள் போலக் கட்டில் ஓரத்தில் நின்றாள். ஜெபத்தை மட்டும் விடவில்லை, அது வழக்கத்தைவிட நீளமாகப் போனது. நான் மடக்கு மடக்காகக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்காரச் சொன்னாள். காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, டாக்டர் காட்டித் தந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இப்ப எந்திரி. மெதுவா."

எழுந்தேன். அவள் விரலுக்கடியில் அது இரண்டு மூன்று தரம் முட்டியது. அவளுக்கும் தெரிந்தது, பிடி இறுகியது. கண்ணுக்கு முன்னால் எதுவும் பறக்கவில்லை. துடிப்பு கொஞ்ச தூரம் ஓடி, நடக்க ஆரம்பித்தது.

"அடங்கிட்டும்மா" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"இன்னும் செத்த நேரம் நில்லு" என்றாள் அம்மா. என் மணிக்கட்டை அவள் விடவில்லை.

நின்றேன்.