தொடாதே என்றொரு செடி

நாங்கள் குடியிருக்கிற சீசாப் பகுதியிலிருந்து பஸ் பிடித்து நான் வேலைக்குப் போகிற வீட்டில் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் "புரொபெசோரே", இத்தாலிய மொழியில் பேராசிரியர். அவர் என்னைக் கூப்பிடுகிற பெயர் என்னுடையதல்ல. எனக்கு முன்னர் அங்கே வேலை செய்தவளுடையது. என் பெயர் நாக்கில் நிற்காதாம். முழ நீள லத்தீன் பெயர்கள் மட்டும் எப்படித்தான் நிற்கின்றனவோ.

நான் போன நாளிலிருந்து அவர் ஒரே புத்தகத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். முந்நூறு வருடங்களுக்கு முன்னர் இலங்கைக்கு வந்து செடி சேர்த்த ஒல்லாந்து மருத்துவர் ஒருவரைப் பற்றி. சாப்பாட்டு மேசையிலும் ஒல்லாந்தர் புராணம்தான். மனிதர் காய்ச்சலோடு காடுமேடெல்லாம் அலைந்தாராம். இன்னும் கொஞ்சம் கேட்டால் புரொபெசோரேயின் வாயிலிருந்தே உண்மை வரும்: போனது பல்லக்கில். பறித்தது கூலிகள். காயவைத்துத் தாளில் ஒட்டியது வேலைக்காரர்கள். துரை அடியில் பெயர் எழுதினார். அதற்குத்தான் இவ்வளவு ஆராதனை.

ஒருநாள் தூசி துடைக்கும்போது அந்தத் தாள்களில் ஒன்றின் படம் கணினித் திரையில் பெரிதாகத் தெரிந்தது. பார்த்தவுடனே எனக்குக் கை அரித்தது. காஞ்சோண்டி! சிறுவயதில் பற்றைக்குள் பந்தெடுக்கப் போய், அதில் உரசி, கால் தடித்து அழுதவள் நான். உயர்தரத்தில் உயிரியலும் படித்தவள். தாளின் அடியில், சரிந்த கையெழுத்தில், லத்தீன் எழுத்தில் ஒரு சொல் இருந்தது.

"டோடாதே," என்று புரொபெசோரே வாசித்துக் காட்டினார். "உங்கள் மக்கள் இந்தச் செடிக்கு வைத்த பெயர். எவ்வளவு இனிமை!"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அது பெயரில்லை, அரிக்கும், கை வைக்காதே என்று யாரோ துரையைத் தடுத்த சொல் என்றேன். அதுவும் "தொடாதேங்கோ" என்று மரியாதையாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையை அதட்டுவதுபோல அதட்டியிருக்கிறான். துரை அதைப் பவ்வியமாக எழுதிக்கொண்டிருக்கிறார். செடியின் சரியான பெயரையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. எல்லாப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது என்றார். பிறகு, ஜன்னல் இன்னும் துடைக்கவில்லையே என்றார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"உனக்கேன் தேவையில்லாத கதை? இங்கை தங்கிற பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க அந்தாளின்ரை கையெழுத்து வேணுமெல்லோ."

"ஓம், வேணும்தான். ஆனா நான் சொன்னதை அந்தாள் எழுதவேணும். என்ரை பேரோடை. ஒரு வரி காணும்."

வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், அப்படி ஆசைப்பட்டேன். இந்த ஊரில் எனக்கும் ஏதோ தெரியும் என்று ஓரிடத்திலாவது அச்சில் இருக்கவேண்டும் என்று.

புத்தகம் வந்தது. தொடாதே பற்றி இரண்டு பக்கம். அது பெயரல்ல, எச்சரிக்கை என்பதைத் தன்னுடைய நீண்ட ஆராய்ச்சியில் கண்டுபிடித்தாராம். காஞ்சோண்டியும் இருந்தது, எழுத்துப் பிழையோடு. நான் இல்லை. கடைசிப் பக்கத்தில், மேசையைத் தூசியில்லாமல் வைத்திருந்த வேலைக்காரிக்கு ஒரு நன்றி. எனக்கு முன்னர் இருந்தவளின் பெயரில்.

"பார்த்தாயா, உன் பெயரையும் போட்டிருக்கிறேன்," என்று அவர் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"போடா விசரா," என்றேன் தமிழில்.

அதற்கு என்ன அர்த்தம் என்று ஆவலோடு கேட்டார்.

"மிக்க நன்றி ஐயா," என்றேன்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என்னை இரண்டு தரம் திரும்பச் சொல்லவைத்து, எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டார்.