அடிக்கு ஒரு நூல்

என் மேசையில் ஓர் எஃகு ஸ்கேல் கிடக்கிறது. பார்வைக்கு எல்லா ஸ்கேலையும் போலத்தான். ஆனால் இதன் ஓர் அடி, உலகத்தாரின் ஓர் அடியைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதல். என் அக்காவின் கணவர் முப்பது வருடம் கையில் பிடித்திருந்தது. கட்டைவிரல் படும் இடத்தில் எண்கள் தேய்ந்து, ஏழும் எட்டும் காணாமல் போய்விட்டன.

மச்சானுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் வேலை. பம்புக்கு என்ன உருவம் வேண்டுமோ அதை முதலில் மரத்தில் செதுக்குவார். அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மரத்தை அடிக்கு ஒரு நூல் கூட்டியே செதுக்க வேண்டும். அந்தக் கணக்கை ஆள் போடாமல் தானே போட்டுக்கொள்ளும் ஸ்கேல் இது. இரும்பு பம்பாகி ஊர் ஊராகப் போகும். மரம் பரணுக்குப் போகும். ஓய்வு பெற்றதும், மரமாகவே இருந்து பேர் வாங்குகிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். எங்கோ ஒரு வரைபடம் கிடைத்தது. பிளைவுட்டில் ஹார்ன் ஸ்பீக்கர். ஐந்தடி அகலம், மூன்றடி உயரத்துக்கு வாய்.

பின்கட்டு ஷெட்டுக்கு அப்போது கூரை மாற்றிக்கொண்டிருந்ததால் வேலை முன் ஹாலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.எஸ்.புரத்திலிருந்து பஸ் ஏறி நான் போவேன். ஒலியின் வரலாறு பற்றி நான் படித்திருந்த புத்தகங்களிலிருந்து அவருக்கு எடுத்துச் சொல்வேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். ஆறு மாதத்தில் அந்த ஹார்னுக்கு நான் செய்த தொண்டு, மறுமுனை மட்டுமே. அதையும் இரண்டு முறை காலில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் பழைய ரேடியோவை அதில் இணைத்தார். அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "ஏனுங்க, செய்தி படிக்கற அம்மா எச்சி முழுங்கறதெல்லாங் கேக்குதுங்க" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டை மச்சான் எதிர்பார்த்திருக்க மாட்டார். அந்தத் தெம்பில் இன்னொரு பக்கத்துக்கும் ஒன்று வேண்டும் என்று பேச்செடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் அந்தத் திட்டம் அங்கேயே முடிந்தது.

மகளைப் பெண் பார்க்க வருவதற்குள் ஷெட்டுக்கு மாற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நாளும் வந்தது. நான்கு பேர் அதைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்கினோம். கதவு நிலையின் அகலத்துக்கு இரண்டு நூல் குறைவாகத்தான் வாயின் உயரத்தை வரைந்திருந்தார், நுழைந்திருக்க வேண்டும். இடித்தது. திருப்பிப் பார்த்தோம், இடித்தது. மச்சான் டேப்பையும் இந்த ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"இரும்பு ஆறுனாச் சுருங்கும்னு சேத்தியே வெட்டிப் பழகுன கை, மாப்ள. பிளைவுட்டு எதுக்குச் சுருங்கப்போவுது."

மூன்றடிக்கு மூன்று நூல் கூடி, ஒரு நூல் மிச்சமாக இடித்தது. வேறு யாராக இருந்தாலும் கால்மணி நேரம் இழைப்புளி போட்டு முடித்திருப்பார்கள். இழைத்தால் வாயின் கணக்குக் கெட்டுவிடும் என்றார் மச்சான். அப்படியானால் நிலையைச் செதுக்கலாமே என்றேன். அது எங்கள் அப்பா நின்று வைத்த நிலை, அக்கா முறைத்தாள். கடைசியில் மச்சானே போய் இழைப்புளியை எடுத்து வந்து, வாயின் ஓரத்தில் வைத்தார். தள்ளாமல் வைத்தபடியே நின்றார். அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும், உடுங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்த வாய்க்கு நேர் எதிரே உட்கார வேண்டியதாயிற்று. பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்னவென்று கேட்டார். "எங்கூட்டு மூத்த பையனுங்க" என்றாள் அக்கா. அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிவாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

மச்சான் போய் மூன்று வருடமாகிறது. அக்கா தினமும் காலையில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வாய்க்கு முகம் கொடுத்துச் செய்தி கேட்கிறாள். செய்தி அவளுக்கு எப்போதுமே பிடிக்காது.

போன மாசியில் அந்த நிலையைக் கரையான் அரித்துவிட்டது. மகள் போனில் பேசினாள். இந்தத் தடவை இரண்டு அங்குலம் அகலமாக வைத்தால் ஹார்னை வெளியே எடுத்துவிடலாம், ஹாலில் நடக்கவாவது இடம் கிடைக்கும், அம்மா இருட்டில் தடுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்றாள். நியாயமான பேச்சு. நானும் ஒத்து ஊதினேன்.

ஆசாரி வந்து பழைய நிலையை அளந்தார். எவ்வளவு கூட்டுவது என்று கேட்டார். அக்கா ஹார்னின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். "பழைய அளவுலயே வைங்க" என்றாள். ஆசாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு, ஏதாவது உதவியாக இருக்கட்டும் என்று, ஹார்ன் மேல் கிடந்த ஸ்கேலை எடுத்துப் புதுக் கட்டையில் குறி போடக் குனிந்தேன்.

"அதுல வேண்டாங் கண்ணு" என்று அக்கா என் கையைப் பிடித்தாள். "அதுல குறிச்சாக் கதவு பெருசாயிரும். அப்பறம் அது வெளிய போயிரும்."

கிளம்பும்போது ஸ்கேலை ஒரு பழைய துண்டில் சுற்றி என்னிடமே கொடுத்துவிட்டாள். இங்கே இருந்தால் யாராவது தெரியாமல் அளந்துபோடுவார்கள் என்றாள்.

சுவர் இடுக்கில் வைப்பதற்காகப் புத்தக அலமாரி ஒன்றை நானே செய்தேன். இடுக்கைச் சரியாகத்தான் அளந்தேன். பலகையில் குறித்தது இந்த ஸ்கேலில். அலமாரி நுழையவில்லை. ஹாலின் நடுவே நிற்கிறது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் இடித்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் இழைத்தால் என்னவாம் என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள். என்னிடம் இழைப்புளி இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.