மில்காரர் விளக்கும் எங்கள் சாமந்தியும்

மில்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதற்காக என் கோபமும் போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் எங்கள் ஊர். ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராசுக்கு என்று பேச்சு ஓயாமல் இருந்த காலம். எனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு டிராயிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு இருந்தது அரை ஏக்கர் கொல்லை. அதில் மஞ்சள் சாமந்தி. கார்த்திகை தீபத்தன்று ஊர் கங்கம்மாவுக்கு அந்த வருஷத்தின் முதல் சாமந்தி மாலை விழ வேண்டும். பூ ஊர் மண்ணிலேயே பூத்ததாக இருக்க வேண்டும். மாலை கொண்டுவரும் வீட்டுக்காரரைத்தான் கற்பூரத்துக்கு முதலில் கூப்பிடுவார்கள். என் நைனாவை, அப்பாவை, ஊரில் வேறு எதற்கும் யாரும் முதலில் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு கூப்பிடலுக்காக வருஷம் முழுக்கக் குனிந்து களை எடுப்பார்.

எங்கள் கொல்லையை ஒட்டி நெல் மில் இருந்தது. அந்த வருஷம் ஊரில் முதலில் கரண்ட் வாங்கியவர் மில்காரர்தான். வாங்கிய கையோடு உயரமாக ஒரு கம்பம் நட்டு, தகர மூடி போட்ட பெரிய பல்பை மாட்டினார். மூட்டைத் திருடர்களுக்குப் பயந்து என்றார். வெளிச்சம் முழுக்க எங்கள் கொல்லையில் விழுந்தது. எங்கள் சேவல் நடுராத்திரியில் கூவ ஆரம்பித்தது. விடிந்துவிட்டது என்று நைனா எழுந்து, ஏர் மாட்டைப் பூட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய், வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். பகலில் வரப்பிலேயே தூங்கி விழுவார். மில்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் கணக்கில் வைத்தேன்.

அந்த ஆவணியில் எல்லை அளக்க வந்தவர்கள் எங்கள் கொல்லை வழியாகச் சங்கிலி இழுத்துப் போனார்கள். அதில் ஒருவர் நின்று, "எவ்ளோ செழிப்பு" என்று தெலுங்கில் வியந்துவிட்டார். அம்மாவுக்கு அது போதும். கண் பட்டுவிட்டது என்று, மில் வெளிச்சம் எட்டாத தூரத்து மூலையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, தினமும் பொழுது சாய்ந்ததும் அரிக்கேன் விளக்கை ஏற்றி விடியும் வரை வைத்தாள்.

ஐப்பசி பிறந்தும் முக்கால்வாசிக் கொல்லையில் மொட்டு வரவில்லை. செடி மட்டும் இடுப்புயரம் வளர்ந்து கரும்பச்சையாக நின்றது. நான் வாரத்துக்கு ஒருமுறை கொல்லையைப் படமாக வரைந்து பழகிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பழைய தாள்களை வரிசையாகப் பரப்பியபோதுதான் கண்ணில் பட்டது. மொட்டு விட்டவை கிணற்றுச் சுவரின் நிழலில் இருந்த பத்துப் பதினைந்து செடிகளும், தூரத்து மூலையில் கொஞ்சமும்தான். அந்த மூலையிலும் அம்மாவின் அரிக்கேனைச் சுற்றி வட்டமாக மொட்டே இல்லை. வெளிச்சம் விழுந்த இடத்தை என் பென்சில் எனக்குத் தெரியாமலே வரைந்து வைத்திருந்தது.

தாள்களை எடுத்துக்கொண்டு புத்தூருக்கு ஓடினேன். பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார் வெகுநேரம் பார்த்தார்.

"சாமந்தி ராத்திரிய அளக்குதும்மா. ராத்திரி நீண்டாத்தான் பனிக்காலம் வந்துச்சுன்னு மொட்டு வைக்கும். ராத்திரில வெளிச்சம் காட்டினா, இன்னும் கோடையேன்னு நெனச்சிக்கினு தழைஞ்சிக்கினே இருக்கும்" என்றார். இருட்டு கிடைத்தபிறகும் பூ மலர ரெண்டு மாசம் ஆகும் என்றும் சொன்னார்.

மறுநாளே மில் வாசலில் போய் நின்றேன். நெல் அரைக்க வந்த பத்துப் பேர் இருந்தார்கள். படத்தைக் காட்டி, ராத்திரி வெளிச்சத்தால்தான் மொட்டு வரவில்லை என்று விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்டேன்.

"செடிக்குத் தூக்கம் வரலியாம்பா, தாலாட்டு பாடணுமாம்" என்று மில்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "கம்பம் என் நெலத்துல நிக்குது. வெளிச்சத்துக்கு எல்லக்கல்லு நடச் சொல்லு, அளக்க வந்திருக்கானுங்களே" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்த வருஷம் எங்களுக்கு இரண்டு கைப்பிடிப் பூதான் தேறியது. மில் கட்டடத்துக்குப் பின்னால், பல்பின் வெளிச்சம் படாத இடத்தில் மில்காரர் வீட்டில் ஒரு பாத்தி சாமந்தி போட்டிருந்தார்கள். அதில் மாலை கட்டி வந்தார்கள். கற்பூரத்துக்கு மில்காரரைக் கூப்பிட்டார்கள். நைனா பாதி எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டார். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். அன்று ராத்திரி அவர் சோறு துன்னவில்லை.

மாலை மரியாதை பிடித்துப்போய், அடுத்த வருஷம் மில்காரர் மில்லுக்கு மறுபக்கம் கால் ஏக்கருக்குச் சாமந்தி நட்டார். ஆடி மாசம் ஒரு நாள் நானே அவரைத் தேடிப் போனேன். முகத்தை நன்றாகக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு போனேன்.

"மாமா, எங்க கொல்லைல இன்னா இருக்குது திருட? போன வருஷமே பூக்கல. உங்க பூவத்தான் பறிச்சிக்கினு போவாங்க. லைட்ட அந்தப் பக்கம் திருப்பிக்குங்க" என்றேன்.

"இப்பத்தான் உனுக்கு புத்தி வந்திருக்குது" என்றார். அன்றே ஆளை ஏற்றித் தகர மூடியைத் திருப்பினார். போன வருஷம் நான் சொன்ன உண்மையை அவர் நம்பியிருந்தால் திருப்பியிருக்க மாட்டார். எனக்கு அவர் செய்த ஒரே உதவி அந்த நம்பாமைதான்.

அம்மாவின் அரிக்கேனையும் நான் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் கொல்லைக்கு ராத்திரி திரும்பி வந்தது. சேவல் விடியலில் கூவியது. நைனா விடியும்வரை தூங்கினார். ஐப்பசியில் செடிக்குச் செடி மொட்டு. மில்காரர் தோட்டமோ கீரைப் பாத்தி போலத் தழைத்துக் கிடந்தது.

தீபத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மில்காரர் எங்கள் கிணற்றடிக்கு வந்தார். முதல்முறையாகக் குரலைத் தணித்துப் பேசினார்.

"உங்களுது மட்டும் எப்படிம்மா மொட்டு வெச்சிச்சு?"

"ராத்திரிய ராத்திரியா விட்டோம் மாமா. போன வருஷமே சொன்னேனே."

அவர் திரும்பிக் கம்பத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது. அன்று சாயங்காலமே விளக்கு அணைந்தது.

மறுநாள் காலையிலிருந்து அவர் தோட்டத்தில் குனிந்து குனிந்து மொட்டுத் தேடினார். என்னைக் கண்டால் வேலி ஓரம் வந்து, "இன்னும் எத்தினி நாளும்மா?" என்று கேட்பார்.

"நாளிக்கு வந்துரும் மாமா" என்பேன்.

ரெண்டு மாசம் என்று எனக்குத் தெரியும். பதினாலு நாளும் அவர் கேட்டார், பதினாலு நாளும் நான் அதையே சொன்னேன்.

தீபத்தன்று எங்கள் மாலை கங்கம்மா கழுத்தில் விழுந்தது. நைனாவைக் கூப்பிட்டார்கள். மில்காரர் வெறும் கையோடு பின்னால் நின்றார். நான் திரும்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கற்பூரத் தட்டு என்னைக் கடந்து போய்விட்டது. நான் ஒற்றிக்கொள்ளவே இல்லை.