அண்ணன் எஞ்சினுக்குப் போட்ட வலை

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம் என்றுதான் அண்ணியிடம் சொன்னேன். ஆனால் சென்ற மாதம் அண்ணனுடைய ஸ்பேனர் பெட்டியைத் திறந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. அவர் இருந்தவரை நான் அவரிடம் சொல்லாமல் மறைத்தது ஒன்று உண்டு. அதை இனி இங்கேதான் சொல்ல முடியும்.

அண்ணன் கிளிஞ்சல்மேட்டில் பிறந்தார். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தபோது, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் படகு எஞ்சின் பட்டறையில் சேர்ந்தார். கடல் ஊருக்குள் வந்த வருஷம், மணலும் உப்புத்தண்ணீரும் ஏறிப்போன எஞ்சின்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டீசலில் கழுவி ஓட வைத்தவர் அவர். அந்த எஞ்சின்களில் கடலுக்குப் போனவர்கள் இதைப் படிக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். அவர் யாரையும் கடிந்து பேசி நான் பார்த்ததில்லை. மனதில் ஏதாவது இருந்தால் வாயைத் திறக்க மாட்டார், ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அண்ணன் ஓட்டிய சிவப்புக் கார் எங்கள் பெரியப்பாவுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, இருந்து ஓய்வு பெற்று வந்தபோது கப்பலில் கொண்டுவந்தார். இரண்டே கதவு, தரையோடு தரையாக இருக்கும், பந்தயக் கார் மாதிரி பாயும். எஞ்சின் பின்பக்கம். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது. ஒரு விசிறி காற்றை இழுத்து அடித்தே எஞ்சினைக் குளிர வைக்கும். பிள்ளை இல்லாத பெரியப்பா, கடைசி நாளில் சாவியை அண்ணன் கையில் வைத்து, "ஓட்டிக்கிட்டே இருக்கணும்டா, நிறுத்திப் போட்டுடாதே" என்றார். அண்ணன் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு நான்தான் உலை வைத்தேன்.

ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் அண்ணன் விசைப்படகு வேலைக்காக நாகப்பட்டினத்தில் இரண்டு வாரம் தங்கியிருந்தார். இங்கே காற்று மணலை வாரி வாரி அடித்தது. கரையேற்றிய போட்டு எஞ்சினுக்கு நாம் என்ன செய்வோம்? வாய் தெரிகிற இடத்தில் எல்லாம் பழந்துணியைத் திணித்து, மேலே தார்ப்பாயைக் கட்டுவோம். நானும் காருக்கு அதையே செய்தேன். நீலப் பூப் போட்ட என் பழைய நைட்டியை மூன்றாகக் கிழித்து, விசிறி வாயில் கை போகிற மட்டும் திணித்தேன். அண்ணன் வருகிற அன்று எடுத்தபோது இரண்டுதான் வந்தது. இரண்டுதான் வைத்திருப்பேன் போல என்று நானே நினைத்துக்கொண்டேன். கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறவள், அன்றைக்குப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை அண்ணனும் அண்ணியும் அம்பகரத்தூர் கோயிலுக்குக் காரில் கிளம்பினார்கள். திருநள்ளாறு தாண்டியதும் புகை. கார் லோடு வண்டியில் வந்து இறங்கியது. அண்ணனும் அவருடைய கூட்டாளி நெரவி செல்வம் அண்ணனும் பட்டறையில் வைத்து எஞ்சினைப் பிரித்தார்கள். பிஸ்டன் சூட்டில் ஒட்டி, எஞ்சின் கூடே கீறிவிட்டது, இனி வேறு எஞ்சின்தான் என்றார்கள். எப்படிப் போனது என்று கேட்டேன். வெளியே வராத மூன்றாவது துணி எனக்கு அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது.

"வயசாயிடுச்சு பாப்பா, அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

பிறகு எந்த எஞ்சின் போடுவது என்று பல மாதம் பேச்சு. அதே எஞ்சினைப் பிரான்சிலிருந்து வரவழைக்கப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. இங்கே ஓடும் கார்களின் தண்ணீர் எஞ்சின் எங்கும் கிடைக்கும், வேகமும் உண்டு. ஆனால் ரேடியேட்டர் வைக்கக் காரின் மூக்கை அறுக்க வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவரிடம் காற்றிலேயே குளிரும் எஞ்சின் ஒன்று இருந்தது. இதே கம்பெனியின் சாதாரணக் காரில் இருந்தது. போல்ட் துளை அப்படியே பொருந்தும், ஆனால் வேகம் பாதிதான் வரும்.

"பேசாம நம்ம போட்டு எஞ்சினைத் தூக்கி வைங்க மாப்ள, அம்பகரத்தூருக்கு வாய்க்கால்லயே போயிடலாம்" என்பார் செல்வம் அண்ணன்.

"நீங்கதான் சுக்கான் பிடிக்கணும். திருநள்ளாத்துக்குப் போறதுக்கு இலங்கையில கொண்டுபோய் விடுவீங்க" என்பார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வராது. தண்ணீர் எஞ்சினே போடச் சொல்லி நச்சரித்தேன். "தண்ணின்னா கண்ணால பாக்கலாம்ணே, குறைஞ்சா ஊத்தலாம். காத்தை எங்க போய்ப் பாக்குறது?"

"காத்தைப் பாக்க வேணாம் பாப்பா. அதுபாட்டுக்கு வரும். வழி விட்டாப் போதும்."

அப்போது அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் எஞ்சினையே எடுத்தார். "பெரியப்பா ஓட்டச் சொன்னாரு, பறக்கச் சொல்லல. மூக்கை அறுத்துட்டு ஓட்டினா அது அவரு காரா?" என்றார். எஞ்சினைப் பொருத்திய பிறகு, விசிறி வாயில் சின்னக் கண் வைத்த கம்பி வலை ஒன்றைத் திருகி மாட்டினார்.

"இது என்னாத்துக்குண்ணே?"

"எலி பூந்துடும்."

வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் செய்வதாக இருந்தது. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, "சங்கரா மீன் கிடைச்சா எடுத்து வை" என்று என் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணிக்கு அவர் இல்லை. துறைமுகத்தில் டீ கிளாஸைக் கீழே வைத்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். தகவல் வந்தபோது நான் மீனை அலசிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வருஷமும் அந்தச் சட்டி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன் போல இருக்கிறது.

சென்ற மாதம் பட்டறையை எடுத்து நடத்தப்போகும் செல்வம் அண்ணனிடம் அண்ணி ஸ்பேனர் பெட்டியைக் கொடுத்தார். நான் திறந்தபோது அடியில் ஒரு பாலிதீன் கவர். அதற்குள் மடித்து வைத்த துணி. ஒரு பாதி கருகல், மறு பாதியில் நீலப் பூ.

"இது..." என்றேன்.

"பிரிச்ச அன்னைக்கே எடுத்துட்டாரும்மா" என்றார் செல்வம் அண்ணன். "'பாப்பாகிட்ட மூச்சு விடாதீங்க, சோறு தண்ணி இல்லாம கிடக்கும்'னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

அண்ணியைப் பார்த்தேன். "அந்த நைட்டியை நீ கிழிக்கிறப்ப நானும்தானே பாத்தேன்" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாது என்று நினைத்துப் பயந்துகொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதான்.

அண்ணே, நான்தான் அடைத்தேன். இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். எலி யார் என்றும் இப்போது தெரிந்துகொண்டேன்.

துறைமுகத்திலிருந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய தொழிலாளர்களுக்கும், கடைசிவரை உடன் நின்ற கிளிஞ்சல்மேட்டு மக்களுக்கும், வாயைத் திறக்காமல் சத்தியத்தைக் காத்த செல்வம் அண்ணனுக்கும், என்னை ஒரு வார்த்தை சொல்லாத அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இன்று படையல் முடிந்ததும் செல்வம் அண்ணன் அந்த எஞ்சினை முதல் முறையாக ஸ்டார்ட் செய்கிறார். அண்ணி பக்கத்தில் உட்கார, அம்பகரத்தூர் வரை போய்வரப்போகிறார்கள். நான் வலையை நேற்றே நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன். சத்தம் கொஞ்சம் அதிகமாக வரும் என்கிறார்கள். யாரும் பயப்படாதீர்கள். அதற்கு நான் ஒருத்தி போதும்.

தங்கை