உறுதியில் இல்லாத பெண்

யுத்தம் முடிந்து காணி விலை ஏறத் தொடங்கிய நேரம், லொறி ஓடிச் சேர்த்த காசில் கல்முனைக் கடற்கரையில் ஒரு வளவு வாங்கினேன். சுனாமியில் வீடு போய், தரையும் கிணறும் மட்டும் மிஞ்சிய இடம். காணியின் உறுதிப் பத்திரம் விற்றவரின் பெயரில் சரியாக இருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரிக்கவில்லை.

வேலி அடைக்கப் போன அன்று, விற்றவரின் மருமகன் தன் சின்ன மகளோடு வந்தார்.

"கலியாணத்துக்கு மாமா என்ட பொஞ்சாதிக்குக் குடுத்த ஊடு தம்பி இது. எழுதித்தான் குடுக்கல்ல. அவ கடலோட போயிட்டா. இனி இது இவளுக்குத்தானே?"

"உறுதியில அப்படி இல்லையே காக்கா," என்றேன், மூத்தவரை அழைக்கும் எங்கள் முறையில்.

"ஓம், கடதாசில இல்ல. ஊருக்கே தெரியும். ஒரு ஆளுக்கிட்டயும் கேக்கல்லயா நீங்க? ஊடில்லாத புள்ளய நாளைக்கு ஆரு கலியாணம் முடிப்பான்?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் என்பது எனக்கும் தெரியும். விலை குறைவாக இருந்ததால்தான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்புக் குசினி இருந்த தரையில் போய் நின்றாள்.

நான் வேலியை அடைத்தேன். பிறகு நல்ல விலைக்கு விற்றும் விட்டேன்.

முதன்முதலாகக் காணி வாங்குகிறவர்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். விற்கிறவரின் வீட்டுப் பெண்கள் யார் என்று முதலில் விசாரியுங்கள் என்கிறேன். இதை எப்படிப் படித்தேன் என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.