மூன்று பக்கமும் வெட்டவும்

1. பைண்டிங் சிலிப்

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சித் துறையின் நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். வலியசாலையிலிருந்து நடந்தே போய்விடுவேன். சுத்தம் என்றால் எனக்கு உயிர். அலமாரியில் ஒரு புத்தகம் அரை அங்குலம் துருத்திக்கொண்டிருந்தாலும் தட்டி உள்ளே தள்ளாமல் நகரமாட்டேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரம், ஸ்டெல்லா பன்னிரண்டு நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். குளச்சல்காரி. கடல் நீரின் வெப்பநிலை பற்றி ஆராய்ச்சி செய்தவள். நாலு வருஷம் தினமும் காலையில் கடலில் இறங்கி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எழுதிய நோட்டுகள் அவை. அவள் அறையில் கூரை ஒழுகி நோட்டுகளின் ஓரமெல்லாம் ஈரத்தில் சுருண்டு போயிருந்தன.

"அக்கா, இத கொஞ்சம் பத்திரமா வைக்க முடியுமா?"

எங்கள் நூலகர் குறுப்பு சாருக்கு இஷ்டமில்லை. "இது புஸ்தகம் இல்லையல்லோ பகவதி. ரெஜிஸ்டரில எங்ஙனே ஏத்தும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புத்தகம், பத்திரிகை, தீசிஸ் இவற்றுக்குத்தான் எங்களிடம் பதிவேடு. தீசிஸ் எதிலிருந்து பிறந்ததோ அந்த நோட்டுக்குப் பதிவேடே கிடையாது. அது ஆராய்ச்சி செய்தவரின் மேஜையில் கிடந்து, அவர் ஊர் மாறும்போது கரையானுக்குப் போகும்.

"பைண்ட் பண்ணிட்டா புஸ்தகம்தானே சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வருஷத்துக்கு ஒன்றாக நாலு வால்யூம். பைண்டிங் சிலிப்பை நான்தான் நிரப்பினேன். காலிகோ துணி அட்டை, கறுப்பு, தங்க எழுத்து. கடைசி வரியில் "மூன்று பக்கமும் வெட்டவும்" என்று அச்சடித்திருக்கும்; தையல் பக்கம் தவிர மற்ற மூன்று ஓரங்களையும் சீராக வெட்டுவது. ஆயிரம் சிலிப்பில் போட்ட டிக்கை அதிலும் போட்டேன்.

2. ஓரம்

நாலு வால்யூமும் திரும்பி வந்தபோது கண் பட்டுவிடும் போல இருந்தன. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் வால்யூமைப் பிரித்தாள். இரண்டாவதைப் பிரித்தாள். பிறகு வேகவேகமாக எல்லாவற்றையும் புரட்டினாள்.

"அக்கா, ஓரம் எங்க?"

"சுருண்டு கிடந்ததே, வெட்டச் சொன்னேன்."

"என்னத்த செஞ்சு வச்சிருக்கிய!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளிடம் மூன்று தெர்மாமீட்டர்கள் இருந்தன. மூன்றும் மூன்று விதமாகக் காட்டும். ஒன்று கூட, ஒன்று குறைய. எதற்கு எவ்வளவு திருத்த வேண்டும் என்று கணக்கு உண்டு. ஆனால் அன்றைக்கு எதை எடுத்துக்கொண்டு போனாள் என்பதைப் பக்கத்தின் வெளி ஓரத்தில்தான் பென்சிலில் 1, 2, 3 என்று குறித்திருந்தாள். அந்த எண் இல்லாவிட்டால் நாலு வருஷத்துக் கடலும் வெறும் எண்கள். தீசிஸ் கொடுக்க ஏழு மாதம்தான் பாக்கி.

வெட்கத்தில் எனக்கு மன்னிப்புக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக் கம்போளம் கடைத்தெருவுக்கு, பைண்டர் தேவசகாயத்தின் கடைக்கு ஓடினேன்.

"சிலிப்புல டிக் போட்டது நீங்கதான? நான் என்னத்தக் கண்டேன்?" என்றார் அவர். வெட்டிய துண்டுகளையெல்லாம் சாக்கில் போட்டு, நாலு கடை தள்ளி இருக்கும் வளையல் கடைக்குக் கொடுத்துவிடுவாராம். பெட்டிக்குள் வளையல் உடையாமலிருக்க அடைக்கும் காகிதம்.

வளையல் கடைக்காரர் நல்ல மனுஷர். பின்னறையில் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். ஒரு வால்யூமை ஒரே வெட்டில் வெட்டும்போது ஓரத் துண்டுகள் கட்டாக, பக்க வரிசை கலையாமல் விழும். அவற்றை நூலால் ஒரு சுற்றுச் சுற்றிச் சாக்கில் போடுவது தேவசகாயத்தின் பழக்கம். அந்தப் பழக்கம் எங்களைப் பாதி காப்பாற்றியது. முதல் இரண்டு வால்யூம்களின் வெளி ஓரக் கட்டுகள் கிடைத்தன. மற்ற இரண்டும் அதற்குள் வளையலோடு ஏதேதோ ஊருக்குப் போய்விட்டிருந்தன.

3. கார்டு

அடுத்த இரண்டு மாதம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் நான் மைதாப் பசையும் மெல்லிய காகிதமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி வெட்டுப்பட்ட கோடும் பாதி வெட்டுப்பட்ட எழுத்தும் ஒன்று சேர்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒட்டினேன். ஸ்டெல்லா எதிரில் உட்கார்ந்து சரிபார்ப்பாள். வேலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. நான் கொண்டுபோன சாம்பார் சாதத்தையும் தொடமாட்டாள்.

இரண்டு வருஷம் மீண்டது. இரண்டு வருஷம் போனது போனதுதான். அவள் இன்னும் ஒரு வருஷம் கடலில் இறங்கினாள். அதற்குப் பிறகுதான் பட்டம் கிடைத்தது.

ஊரைவிட்டுப் போகும்போது நாலு வால்யூமும் இங்கேயே இருக்கட்டும் என்றாள். கேட்டலாக் கார்டில் கீழே நான் ஒரு வரி சேர்த்தேன்: "3, 4 வால்யூம்களில் ஓரம் வெட்டப்பட்டது, தெர்மாமீட்டர் எண் இல்லை."

குறுப்பு சார் பதறினார். "நம்ம தப்பை நம்மளே கார்டில எழுதுறதோ? ஆடிட் வந்நால் ஞான் என்ன பறயும்?"

ஸ்டெல்லா கார்டை வாங்கிப் படித்தாள். "வெறுமன வெட்டிப்போச்சின்னு இருந்தா நான்தான் கவனிக்கலன்னு நெனைப்பாங்க. ஆரு வெட்டுனதுன்னும் எழுதுங்க."

எழுதினேன். "வெட்டச் சொன்னது: நூலக உதவியாளர் பகவதி." அன்றுதான் அவள் முதன்முறையாக என்னோடு காபி குடித்தாள்.

எண்பதுகளில் நான் அதே நூலகத்தில் சீனியர் ஆகியிருந்தேன். வேறொரு ஊரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். பழைய கடல் வெப்பநிலை தேடி வந்தவர்.

"சேச்சி, ஈ பகவதி ஆரா? இப்போ உண்டோ?"

"ஞான் தன்னே" என்றேன்.

"இந்தக் குறிப்பு இல்லெங்கில் நாலு வருஷத்தையும் சேர்த்து எடுத்திருப்பேன். எல்லாம் தப்பாப் போயிருக்கும்" என்றார். முதல் இரண்டு வால்யூம்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

நூலக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஒரு நோட்டைத் தொடுவதற்கு முன் எழுதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அப்படியும் கெடுத்துவிட்டால், என்ன கெட்டது, யார் கெடுத்தது என்று அதே கார்டில் எழுதிவிடுங்கள். அந்த ஆராய்ச்சியாளர் படித்துவிட்டுக் கொடுத்த வால்யூம்களில் ஒன்று, நான் ஒட்டிய ஓரத்தால் அலமாரிக்குள் அடங்காமல் அரை அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். திரும்ப வைத்தபோது அதை நான் தட்டி உள்ளே தள்ளவில்லை.